தரங்கம்பாடியின் டேனிஷ் (டென்மார்க் நாட்டவர்) பகுதியை நடந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும், எங்கிருந்து தொடங்குவது?

இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம்; அன்று கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கினால் கடலை நோக்கி நடக்கும்போது வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது.

மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கி.மீ., காரைக்காலிலிருந்து சுமார் 15 கி.மீ. பேருந்தை விட்டிறங்கிக் கிழக்கே வந்தால், 1792-ல் கட்டிய வெள்ளை நுழைவாயில். அங்கிருந்து கடல்வரை நேராகப் போவது ராஜ வீதி. வேகமாக நடந்தால் பத்தே நிமிடத்தில் கோட்டை வந்துவிடும். பலரும் அப்படித்தான் போய், கோட்டையைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊரின் அருமையே அந்தப் பத்து நிமிடத் தெருவில்தான் இருக்கிறது.

வழியில் 1701-ன் சீயோன் ஆலயம், 1718-ல் ஜெர்மன் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அவரைப் புதைத்ததும் இதற்குள்ளேதான். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715-ல் இவ்வூரில்தான் அச்சாகி முடிந்தது.

சுவர்களை நின்று பாருங்கள். செங்கல்லின் மேல் சுண்ணாம்புப் பூச்சு. உப்புக்காற்றில் சுவர் ஏற்கும் ஈரத்தைச் சுண்ணாம்பு மெல்ல வெளியே விட்டுவிடும். உப்பும் பூச்சில்தான் பூக்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை பூச்சை மாற்றினால் போதும், செங்கல் தப்பிக்கும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி, அதைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். பூச்சு நன்றாக இருக்க, உள்ளே செங்கல் குழிந்துபோன சுவர் கண்ணில் பட்டால் காரணம் பெரும்பாலும் அதுதான். பழைய வீடு வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவசரமாகப் பூசிய சிமென்டைப் பிறகு பெயர்க்கும்போது செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும்.

தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-ல் டேனியர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டைக்கு நாலேகாலுக்குள் போய்விடுங்கள், முக்கால் மணி நேரம் ஆகும். 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். பிறகு வணிகம் நாகப்பட்டினத்துக்குப் போனதால் தெருக்களை யாரும் இடித்துக் கட்டவில்லை.

கடைசியாகக் கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பே, பாண்டியர் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலைத்தடுப்புக் கருங்கற்களின் மேல் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் சிக்கும். கோயிலைக் கரையில் நின்றே நன்றாகப் பார்க்கலாம்.