குருதியினம் ஒன்றாக இருந்தும் இழையப் பொருத்தம் எதற்கு?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே தோட்டமொன்றில் வசிக்கிறோம். அண்ணனுக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. குருதியும் பல தடவை ஏற்றியிருக்கிறார்கள். எனக்கும் தம்பிக்கும் அண்ணனின் குருதியினம்தான். ஆனால் இழையப் பொருத்தம் தம்பிக்கு முழுமை, எனக்குப் பாதி என்கிறார்கள். ஒரு தாய் பிள்ளைகளுக்குள் இது எப்படி? நான் கொடுக்கவே முடியாதா?

பதில்: பாதிப் பொருத்தம் தகுதியின்மை அன்று. பெற்றோர் தம் பிள்ளைக்குக் கொடுக்கும் சிறுநீரகமும் பெரும்பாலும் பாதிப் பொருத்தமே. மருந்துகளின் துணையோடு அது நன்றாக இயங்குகிறது.

இழையப் பொருத்தத்தில் பார்க்கப்படுபவை, கலங்களின் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. எனும் புரத மூலக்கூறுகள். கருவுள்ள ஏறத்தாழ எல்லாக் கலங்களும் தம்முள் உருவாகும் புரதங்களை நறுக்கி, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்குகளை இம்மூலக்கூறுகளின் முதலாம் வகுப்பிலுள்ள பள்ளத்தில் பொருத்தி மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. கொழுந்து நிறுக்குமிடத்தில் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் விரித்தாலே முற்றலிலை கலந்திருப்பது தெரிந்துவிடும் அல்லவா? அதைப் போலவே, உடலைக் காக்கும் வெண்கல வகையான ரி கலம் எந்தக் கலத்துக்குள்ளும் நுழையாமல், ஏந்திய துணுக்கைப் பார்த்தே உள்ளே வைரசு இருப்பதை அறிந்து அக்கலத்தைக் கொல்கிறது. இரண்டாம் வகுப்பு மூலக்கூறுகளோ, விழுங்குகலங்கள் போன்றவை வெளியிலிருந்து உள்ளெடுத்தவற்றை உதவி ரி கலங்களுக்குக் காட்டுகின்றன.

இங்கேதான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. ரி கலம் துணுக்கை மட்டுமன்றி, அதை ஏந்திய கையையும், அதாவது எச்.எல்.ஏ. மூலக்கூறையும், சேர்த்தே வாசிக்கிறது. டொஹேர்ட்டி, சிங்கர்நாகல் என்ற இரு ஆய்வாளர்கள் 1974இல் எலிகளில் கண்டறிந்த இவ்வுண்மைக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தில் அந்தக் கையே அந்நியமானது என்பதால், நோயற்ற கலத்தையும் அண்ணனின் ரி கலங்கள் பகையாகக் கொள்ளக்கூடும்.

இம்மூலக்கூறுகளின் பரம்பரையலகுகள் 6ஆம் நிறமூர்த்தத்தில் நெருங்கி அமைந்து, பெரும்பாலும் ஒரே தொகுதியாகக் கடத்தப்படுகின்றன. தந்தையின் இரண்டு தொகுதிகளில் ஒன்றும் தாயின் இரண்டில் ஒன்றும் பிள்ளைக்கு வருவதால், உடன்பிறந்தவரோடு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பும், பாதி பொருந்த நான்கில் இரண்டும், சற்றும் பொருந்தாமலிருக்க நான்கில் ஒன்றும் உண்டு. முழுப் பொருத்தமானாலும் நிர்ப்பீடனத்தை (நோயெதிர்ப்பை) அடக்கும் மருந்துகள் தேவைப்படும். முழுமையாகப் பொருந்துகிறார் என்பதற்காகத் தம்பியை யாரும் வற்புறுத்தவும் கூடாது. கொடை அவரது முழு விருப்பத்தோடு நடக்க வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது அண்ணனுக்கு ஏற்றிய குருதியைப் பற்றியே. அதிலுள்ள வெண்கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் பிறருடைய எச்.எல்.ஏ. மூலக்கூறுகளைத் தாங்கியிருப்பதால், அவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அவர் உடலில் முன்னரே உருவாகியிருக்கலாம். எனவேதான் அவரது குருதியின் தெளிநீரோடு உங்கள் வெண்கலங்களைக் கலந்து பார்க்கிறார்கள்; அவை அழிந்தால், பாதி பொருந்தினாலும் உங்கள் சிறுநீரகத்தைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். குருதி ஏற்றிய ஒவ்வொரு திகதியையும் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். இப்பரிசோதனைக்குப் பிறகு மீண்டும் ஏற்றினால், சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அப்போது பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.