மும்பை மாஸ்கானில் பார்த்த பழைய ஸ்பீட்போட்: வாங்கும் முன்

நண்பரே, 1990களின் 24 அடி ஸ்டெர்ன்டிரைவ் போட் (எஞ்சின் உள்ளே, புரொப்பல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்சுவருக்கு வெளியே), எஞ்சின் சத்தம் அருமை, விலையும் மலிவு, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சினை அப்புறம் பாருங்கள், முதலில் டிரான்சம், அதாவது போட்டின் பின்சுவர். அந்தக் காலத்துப் போட்களில் பின்சுவரின் ஃபைபருக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான். திருகு ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் உள்ளே உளுத்துவிடும், வெளியே பெயின்ட் பளபளக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். ‘டக்’கென்று கெட்டியாகக் கேட்டால் சரி. ‘தொப்’பென்று மந்தமாகக் கேட்டால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது உப்பு. கடல்நீரே நேரடியாக ஓடிக் குளிர்விக்கும் எஞ்சின் என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) உள்ளிருந்து அரிக்கும்; ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். அதைக் கடைசியாக மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். டிரைவ் பின்சுவரோடு சேரும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் உறையான பெல்லோஸ் கிழிந்திருந்தால் நிறுத்திய இடத்திலேயே போட் மூழ்கலாம்.

ஓட்டக் கற்க மழைக்காலம் முடியட்டும். காற்று எழாத காலையில், அனுபவசாலி ஒருவரோடு போங்கள். டிரைவை இறக்கி வைத்துக் கிளம்பி, வேகம் பிடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ட்ரிம் (டிரைவின் சாய்வு) ஏற்றுங்கள். மூக்கு துள்ளினால் உடனே இறக்குங்கள். நீங்கள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு உடம்பில் மாட்டாமல் த்ராட்டிலைத் தொடவே வேண்டாம்.