பம்ப் ஃபாயில்: என் எடைக்கு எந்த இறக்கை?

காற்றும் அலையும் மோட்டாரும் இல்லாமல், காலால் அமுக்கி அமுக்கியே நீருக்கு மேலே பறப்பதுதான் பம்ப் ஃபாயில். காலடியில் ஒரு சிறு பலகை, அதற்குக் கீழே 70 முதல் 85 செ.மீ. மாஸ்ட் (செங்குத்துத் தண்டு), அதன் அடியில் நீருக்குள் ஓடும் முன் இறக்கையும் பின் இறக்கையும். சுவிட்சர்லாந்து ஏரிகளில் இதைப் பழகும் வாசகர்கள் இம்முறை கேட்டிருப்பதெல்லாம் உடம்பைப் பற்றித்தான்.

கேள்வி: என் எடை 98 கிலோ. 65 கிலோ எடையுள்ள நண்பரிடமிருந்து 1200 சதுர செ.மீ. முன் இறக்கையை வாங்கினேன். படகுத்துறையிலிருந்து ஓடிக் குதித்து ஏறினால் இரண்டே நொடியில் அமிழ்ந்துவிடுகிறது. எடையைக் குறைத்துவிட்டுத்தான் பழக வேண்டுமா? (வாசகர், லூசெர்ன்)

பதில்: வேண்டாம். குறை இறக்கையில் இருக்கிறது, உங்கள் உடம்பில் இல்லை. இறக்கையின் தூக்குவிசை அதன் பரப்பைப் பொறுத்தும், வேகத்தின் இருமடியைப் பொறுத்தும் கூடும். கருவிக்கு 8 கிலோ சேர்த்தால் நண்பரின் மொத்தச் சுமை 73 கிலோ, உங்களுடையது 106. அந்த 1200 இறக்கையில் அவர் மிதக்க மணிக்கு 14 கி.மீ. அளவு போதும் என்றால், உங்களுக்கு 17 கி.மீ. வேண்டும். பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு குறுகிய துறையில் நாலைந்து எட்டு ஓடி அந்த வேகத்தை எட்டுவது கடினம். 2000 சதுர செ.மீ. இறக்கை போட்டால் உங்களுக்கும் 13 கி.மீ. போதும்.

எடை குறைப்பதையும் கணக்குப் பார்ப்போம். அதே இறக்கையில் 8 கிலோ குறைந்தால், பறந்துகொண்டே இருக்கத் தேவையான திறன் ஏறத்தாழ 11 சதவீதம் குறையும். எடை அப்படியே இருக்க, அதே வடிவத்தில் 1200-க்குப் பதில் 2000 போட்டால் 22 சதவீதம் குறையும். எனவே முதலில் இறக்கையை மாற்றுங்கள். வாங்கும்போது பரப்பை மட்டும் பார்க்காதீர்கள், நுனிக்கு நுனி நீளத்தையும் கேளுங்கள். கனமானவர்களுக்கு நீண்டு ஒடுங்கிய இறக்கைதான் இழுவையை மிச்சப்படுத்தும்.

உங்கள் எடைக்கு இன்னும் இரண்டு. ஒன்று, மாஸ்ட் வளையக்கூடாது. வளைந்தால் நீங்கள் அமுக்கும் விசை இறக்கைக்குப் போய்ச் சேராது. ஒவ்வொரு முறையும் நீரில் இறங்குமுன் இறக்கை நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் திருகாணிகளை முடுக்குங்கள். இரண்டு, குதிக்கும்போது மேலே எழும்பாதீர்கள், முன்னோக்கிப் பாயுங்கள். உயரத்திலிருந்து விழும் 98 கிலோ உடம்பு பலகையை நீரில் அடிக்கும், ஓடிச் சேர்த்த வேகமெல்லாம் அங்கேயே போய்விடும்.

கேள்வி: எடை 52 கிலோ. மாரத்தான் ஓடுபவள். என் முன் இறக்கை 2200 சதுர செ.மீ. ஆனால் பம்ப் ஃபாயிலில் 20 நொடியில் மூச்சு முட்டித் தொடை எரிகிறது. ஓட்டத்தில் வராத களைப்பு இதில் ஏன்? (வாசகி, சூரிச்)

பதில்: மாரத்தானில் உங்கள் வேகத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். இங்கே இறக்கை கேட்கிற வேகத்துக்குக் கீழே போனால் விழுந்துவிடுவீர்கள். அதனால் பழகுபவர் முதல் நொடியிலிருந்தே முழு வேக ஓட்டக்காரரைப் போல உழைக்கிறார். தொடை எரிவது அதனால்தான். பயிற்சி கூடக் கூட இந்தச் செலவு குறையும், அப்போது உங்கள் ஓட்ட மூச்சு கைகொடுக்கும்.

நீங்கள் எழுதியிருப்பது 2200 இறக்கை. அது உங்களுக்குப் பெரிது. பம்ப் என்பது இறக்கையை உங்கள் எடையால் கீழே தள்ளுவது. 52 கிலோவுக்கு அவ்வளவு பெரிய தட்டு அசைந்து கொடுக்காது, அதன் உராய்வோ முழுதாக உங்கள் தலையில். 1300 முதல் 1500 வரை போட்டுப் பாருங்கள்.

அசைவையும் கவனியுங்கள். பெரும்பாலோர் உட்கார்ந்து எழுகிறார்கள். அதில் உடல்தான் ஏறி இறங்குகிறது, இறக்கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. காலை நீட்டிப் பலகையைக் கீழே தள்ள வேண்டும், முன்கால் ஒரு கணம் முந்த வேண்டும். அப்போது இறக்கை மூக்கைச் சற்றுத் தாழ்த்திச் சறுக்கும், தூக்குவிசை முன்பக்கம் சாய்ந்து உங்களைத் தள்ளும். உடனே முழங்காலை மடக்கி உடலின் பாரத்தை எடுத்துவிட்டால் பலகை தானாக மேலே வரும். டிராம்போலினில் குதித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். குதித்து ஏறியதும் இரண்டு மூன்று சின்ன, வேகமான அமுக்கல். பிறகு நொடிக்கு ஒன்று, அல்லது சற்றே கூட. அவசரப்பட்டு வேகமாக அடித்தால் இறக்கைக்குச் சறுக்க நேரமே இருக்காது.

இறக்கை நீர்மட்டத்துக்கு 25 செ.மீ. கீழே ஓடட்டும். மேலே வந்து காற்றை இழுத்தால் தூக்குவிசை நொடியில் அறுந்துவிடும். மிக ஆழத்தில் ஓடினால் மாஸ்ட்டின் இழுவை கூடும், பலகையும் நீரைத் தொடும். மூச்சை அடக்காதீர்கள், ஒவ்வொரு அமுக்கலிலும் வெளியே விடுங்கள்.

எரிச்சல் ஒரு காலில் மட்டும் என்றால் அது மாஸ்ட் இருக்கும் இடத்தால் வருவது. முன்கால் எரிந்தால் மாஸ்ட்டை 1 செ.மீ. பின்னே நகர்த்துங்கள், பின்கால் எரிந்தால் 1 செ.மீ. முன்னே. இறக்கை, மாஸ்ட் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிக் குழம்ப வேண்டாம்.

கேள்வி: வசந்தத்தில் சுலபமாக வராதது கோடையில் வருகிறதே? (வாசகர், ஜெனீவா)

பதில்: 5 டிகிரி நீரின் பிசுப்பு 20 டிகிரி நீரைவிட ஒன்றரை மடங்கு, அதனால் உராய்வு சற்றுக் கூடும். அதைவிடப் பெரிய காரணம் தடித்த வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை). முழங்காலை மடக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்து மடக்குகிறீர்கள்.

கேள்வி: வயது 50, முழங்கால் கொஞ்சம் பலவீனம். வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்? (வாசகர், பெர்ன்)

பதில்: வலி இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லையென்றால் வாரம் இருமுறை: 30 செ.மீ. படியில் ஏறி இறங்குதல், காலுக்கு 12 முறை, மூன்று சுற்று. அடுத்து கயிறு தாண்டல், 30 நொடி தாண்டி 30 நொடி ஓய்வு, எட்டு முறை. முழங்கால் குதிப்பைத் தாங்காவிட்டால் அதற்குப் பதில் சைக்கிளில் அதே கணக்கு. புல்தரையில் பலகையின் அளவுக்குக் கட்டம் போட்டு, ஓடிவந்து இரு கால்களையும் ஏறத்தாழ ஒன்றாக, மெதுவாக வைத்துப் பழகுங்கள். எடை முன்காலுக்குச் சாய வேண்டும். பின்காலில் விழுந்தால் பலகையின் மூக்கு தூக்கி உடனே நின்றுவிடும். ஏரிக்குப் போகிற அன்று 20 முயற்சியோடு நிறுத்துங்கள். களைத்த காலோடு ஓடினால் துறையிலேயே இடறுவீர்கள். துறையடியில் ஆழம் குறைந்தது 1.5 மீட்டர் இருக்கட்டும், ஹெல்மெட்டும் காலணியும் போடுங்கள். விழும்போது பலகையைக் காலால் ஒருபக்கம் தள்ளிவிட்டு மறுபக்கம் விழுங்கள், இறக்கையின் விளிம்பு கத்தி போன்றது.