செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோக வைரஸ் வேண்டாம், சின்னப் பெப்டைடே போதும் என்கிறார்களே, உண்மையா?

பெப்டைடு, அதாவது சில அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, சரக்கைச் செல்லுக்குள் நுழைத்துவிடும் என்பது உண்மை. நுழைந்த சரக்கு வேலை செய்ய வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வில் நான்கு வருடம் இதோடுதான் மல்லுக்கட்டினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இந்த உதவி எதற்கு? 5,000 கார இணைகள் கொண்ட ஒரு சாதாரண பிளாஸ்மிட்டை (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 10,000 பாஸ்பேட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எதிர்மின்னூட்டம். செல்லின் வெளிப்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். போதாததற்குச் சவ்வு கொழுப்பால் ஆனது. வெறும் டிஎன்ஏவைச் செல்கள் மேல் ஊற்றினால் அநேகமாக எதுவும் நடக்காது.

1988இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரு விசித்திரத்தைக் கவனித்தன. எச்ஐவியின் டாட் புரதத்தை வளர்ப்புத் திரவத்தில் விட்டாலே போதும், அது தானாகச் செல்லுக்குள் போய்விடுகிறது. பிறகு பார்த்தால் அந்தத் திறமை முழுப் புரதத்துக்கும் தேவையில்லை, ஒரு துண்டே போதும். அதன் மையத்தில் இருப்பது ஒன்பது அமினோ அமிலங்கள்: ஆறு ஆர்ஜினின், இரண்டு லைசின், ஒரு குளுட்டமின். எட்டு நேர்மின்னூட்டங்கள்! 1994இல் பாரிஸில் அலென் புரோஷியான்ட்ஸ் குழு, பழ ஈயின் ஒரு புரதத்திலிருந்து 16 அமினோ அமிலம் கொண்ட பெனட்ரேட்டினை எடுத்தது. அப்புறம் வரிசையாக நிறைய வந்தன.

நேர்மின் பெப்டைடும் எதிர்மின் டிஎன்ஏவும் கலந்தால் தாமாகவே ஒட்டிச் சுருண்டு நுண்துகளாகிவிடும். இதை ஜெல்லில், அதாவது மின்சாரம் பாய்ச்சி டிஎன்ஏவை ஓடவிடும் கூழ்ப் பலகையில், பார்ப்பது எனக்கு இன்றும் பிடிக்கும். பெப்டைடு இல்லாத டிஎன்ஏ நேர்மின்முனையை நோக்கி ஓடும். பெப்டைடைக் கூட்டக் கூட்ட ஓடுவது குறைந்து, கடைசியில் மொத்த டிஎன்ஏவும் ஊற்றிய குழியிலேயே உட்கார்ந்துவிடும். அளவு தப்பினால் குழாயில் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். அதை வீசிவிட வேண்டியதுதான்.

ஆய்வின் முதல் வருடம் பெப்டைடுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, பச்சை ஒளிர்புரதத்துக்கான பிளாஸ்மிட்டோடு கலந்து செல்களுக்குக் கொடுத்தேன். ஃபார்மால்டிஹைடில் செல்களைக் கொன்று அப்படியே நிலைப்படுத்தி நுண்ணோக்கியில் வைத்தால், உட்கரு முழுக்கச் சிவப்பு. ஆனால் மரபணு வேலை செய்ததற்கு அடையாளமான பச்சை எங்குமே இல்லை. ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "இது செத்த செல்லும்மா. உயிரோட இருக்கும்போது சாயம் எங்க இருந்துச்சுன்னு பாத்தியா?" என்று கேட்டார். மறுநாள் நிலைப்படுத்தாமல் பார்த்தேன். கடுகை இறைத்த மாதிரி சைட்டோபிளாசத்தில் சிவப்புப் புள்ளிகள், உட்கரு இருட்டு.

இதை 2003இலேயே பிரான்சின் மான்பெலியே குழு தெளிவாகக் காட்டியிருந்தது. சவ்வில் ஒட்டியிருக்கும் பெப்டைடு, செல்லை நிலைப்படுத்தும்போது உள்ளே பரவி உட்கருவில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதுவரை "சவ்வை நேராகத் துளைத்துப் போகிறது" என்று சொன்ன பல படங்கள் அந்தப் பிழையின் விளைவு. டிஎன்ஏ மாதிரி பெரிய சரக்கோடு சேர்ந்தால் பெரும்பாலும் செல் அதை விழுங்கத்தான் செய்கிறது. அந்தப் புள்ளிகள் எண்டோசோம் என்கிற பைகள். பை மெல்ல அமிலமாகி, லைசோசோமோடு சேர்ந்து, உள்ளே இருப்பதைச் செரித்துவிடும்.

ஆக, பையை விட்டு வெளியே வருவதுதான் உண்மையான தடை. ஹிஸ்டிடின் சேர்ப்பது ஒரு வழி. சாதாரண நிலையில் சும்மா இருக்கும் ஹிஸ்டிடின், பை அமிலமாகும்போது மின்னூட்டம் பெற்றுப் பையின் சவ்வைக் குலைக்க உதவுகிறது. வெளியே வந்தாலும் பிளாஸ்மிட் இன்னும் உட்கருவுக்குள் போக வேண்டும். ஒரு மரபணுவை அடக்கப் பயன்படும் குறுக்கிடும் ஆர்என்ஏவுக்கு அந்தக் கவலை இல்லை, சைட்டோபிளாசமே போதும். அதனால்தான் பெப்டைடு முறைகளில் பிளாஸ்மிட்டைவிட அதை நான் அதிகம் நம்புகிறேன்.

மருந்தாக வந்ததா என்றால், இந்தப் போட்டியில் கொழுப்பு நுண்துகள்கள் முந்திவிட்டன: 2018இல் பாட்டிசிரான் என்ற ஆர்என்ஏ மருந்து, பிறகு கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள். பெப்டைடில் என்னை மிகவும் பாதித்தது, பிள்ளைகளைத் தாக்கும் டுஷென் தசைச் சிதைவு நோய்க்கான முயற்சி. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எடெப்லிர்சென் என்ற இந்நோய் மருந்து தசைக்குள் அதிகம் நுழைவதில்லை. அதே வகை மூலக்கூறில் பெப்டைடைப் பிணைத்து, எஸ்ஆர்பி-5051 என்ற பெயரில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். தசைக்குள் மருந்து கூடியது. ஆனால் ரத்தத்தில் மக்னீசியம் குறைந்தது, 2024இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் எவ்வளவு காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

சரி, நீங்கள் இதைப் புராஜெக்டாக எடுக்கப் போகிறீர்கள் என்றால், சாயம் உள்ளே போனதை வெற்றியாக எழுதாதீர்கள். மரபணு வேலை செய்ததா என்று அளந்து பாருங்கள். சீரம் (ரத்தத்தின் திரவப் பகுதி) கலந்த திரவத்திலும் ஒருமுறை செய்து பாருங்கள், சீரம் இல்லாமல் அருமையாக வேலை செய்த பெப்டைடுகள் அதில் படுத்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். படம் எடுப்பதாக இருந்தால் உயிருள்ள செல்லில் எடுங்கள்.