பட்டன் தேயாத டயரை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கிய எங்கள் கார் இதுவரை 24,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டயர்களில் பட்டன், அதாவது தரையைத் தொடும் பள்ளம் போட்ட ரப்பர், பாதிக்கு மேல் இருக்கிறது. கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் ஊட்டி செல்லவிருக்கும் நிலையில், நான்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். தெரிந்த தரகர் ஒருவர், புதுக் கார்களிலிருந்து கழற்றிய டயர்களைப் பாதி விலைக்குத் தருவதாகக் கூறுகிறார். என்ன செய்யலாம்? — மதுரை வாசகர்

பதில்: மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள், தரகரிடம் வாங்காதீர்கள்.

ரப்பர் ஓடித் தேய்வது ஒரு வகை, இருந்தே கெடுவது இன்னொரு வகை. வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் விறைத்துப்போகும் மரத்து ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறுகிறது என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். ரப்பரின் நீண்ட இழைகளுக்கிடையே கந்தகம் பாலம் போடுவதே அந்த உறுதிக்குக் காரணம். டயர் வண்டியில் ஏறிய பிறகும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சூடும் சேர்ந்து இழைகளைப் பிணைத்துக்கொண்டும் அறுத்துக்கொண்டும் இருப்பதால், ரப்பர் ஆண்டுக்கு ஆண்டு இறுகி நெகிழ்வை இழக்கிறது. ரேடியல் டயரின் பட்டனுக்கு அடியில் இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகளைப் பிடித்து வைத்திருப்பதும் இதே ரப்பர்தான். அந்தப் பிடி தளர்ந்த டயர், கோடைச் சாலையில், முழுச் சுமையுடன், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது பட்டன் பட்டையோடு உரிந்து போகக்கூடும்.

குறைவாக ஓடியது உங்களுக்குச் சாதகம் என்று நினைக்கிறீர்கள், நிலைமை நேர்மாறானது. காற்றிலுள்ள ஓசோன் வாயுவால் வெடிப்பு வராமல் காக்க ரப்பரில் மெழுகு கலக்கிறார்கள். டயர் சுழன்று நெளியும்போதுதான் அந்தக் காப்புப் பூச்சு மேற்பரப்பில் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுகிறது. நிறுத்தியே வைத்த காருக்கு அந்தப் பாதுகாப்புக் குறைவு. பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள், தலைமுடி போன்ற வெடிப்புகள் வாய் திறக்கும்.

டயரின் பக்கத்தில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2216 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். வெளிப்பக்கத்தில் தென்படாவிட்டால் உள்பக்கம் பாருங்கள். ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகள் கடந்தால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டுக்கு மேல் எந்நிலையிலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் பெரிய டயர் நிறுவனங்களே கூறுகின்றன. கார் நிறுவனங்கள் பல ஆறு ஆண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன.

தரகர் விஷயத்துக்கு வருகிறேன். புதுக் காரிலிருந்து கழற்றிய டயர் என்று விற்கப்படுபவற்றில் உண்மையானவையும் உண்டு, ஆனால் அதை நிரூபிக்க அவரிடம் எதுவும் இருக்காது. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கறுப்புப் பாலிஷ் பூசி, தேதி எண்ணைத் தேய்த்து அழித்து விற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அப்படியொரு டயரை அறுத்துப் பார்த்தபோது, பள்ளத்தின் அடியில் ரப்பர் ஏறக்குறைய இல்லை, எஃகுக் கம்பி துருவேறித் தெரிந்தது. மேலே கைவைத்தால் புதுடயர் போல வழவழப்பாக இருந்தது! பாலிஷ் மினுக்கும் டயரை ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள். தேதி எண் இல்லாத டயரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அரசுப் பேருந்தும் லாரியும் ரீபட்டன் டயரில் ஓடவில்லையா என்று கேட்பீர்கள். ஓடுகின்றன, விமானச் சக்கரங்களுக்கும் பல முறை ரீபட்டன் செய்கிறார்கள். அந்த டயர்களின் கூடு, அதாவது பட்டனுக்கு அடியிலுள்ள உடல், மறுபடி மறுபடி பட்டன் ஏற்றுவதற்கென்றே கனமாகக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கூட்டைச் சோதித்து, பழுதுள்ளதை ஒதுக்கிய பிறகே புது ரப்பரை ஒட்டி அழுத்தத்தில் வேக வைக்கிறார்கள். அதற்குரிய பட்டறையும் பதிவேடும் உண்டு. தெருமுனையில் கார் டயருக்குக் கத்தி போடுவதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நம் மோட்டார் வாகன விதி காருக்குப் பட்டன் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறது. பிரிட்டன் 2021 பிப்ரவரியில், லாரி, பேருந்துகளின் முன்சக்கரங்களில் பத்து ஆண்டு கடந்த டயரைத் தடைசெய்தது. இங்கே சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டுகள் தகுதிச் சோதனையே கிடையாது. கடையில் பழைய இருப்பைத் தள்ளுபடி என்று தள்ளிவிடுகிறார்கள், கேட்பார் இல்லை. டயரின் வயதுக்கு வரம்பு வைக்கும் இத்தனை எளிய விதியை எழுத இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

கடைக்குப் போகும்போது, தேதி எண்ணை நீங்களே படித்து, ஓராண்டுக்குள் தயாரான டயர்தானா என்று பார்த்து, அந்த எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். இப்போதைக்கு இரண்டுதான் முடியும் என்றால் புதியவை பின்சக்கரத்துக்குப் போகட்டும், ஆனால் மற்ற இரண்டையும் மாற்றும் வரை ஊட்டிப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கழற்றிய பழைய டயர்களைக் கடையில் விடுவதற்கு முன், அவற்றின் பக்கச் சுவரை உங்கள் கண்ணெதிரே கத்தியால் கிழித்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவை பாலிஷ் ஏறி இன்னொருவர் காருக்குப் போய்விடும்.