ஒரு நாட்டைத் தாக்கினால் எல்லா நாடுகளும் வருமா?

கேள்வி: நேட்டோ ராணுவக் கூட்டணியில் உள்ள ஒரு நாட்டை யாராவது தாக்கினால், மற்ற உறுப்பு நாடுகள் அனைத்தும் உடனே படையுடன் புறப்பட்டாக வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள்; நேட்டோவை உருவாக்கிய ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, உறுப்பு நாடு ஒன்றின் மீதான ஆயுதத் தாக்குதலை எல்லோர் மீதான தாக்குதலாகவும் கருத வேண்டும் என்று கூறிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டுவிடுகிறது. தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்க வேண்டும். படைபலத்தைப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும், அவ்வளவுதான். போர் அறிவிக்கும் அதிகாரம் தங்கள் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதில் அமெரிக்க செனட்டர்கள் காட்டிய கறாரே இந்த நெகிழ்வுக்கு முக்கியக் காரணம்.

இந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான், அதுவும் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, கையிலெடுக்கப்பட்டது. ஐரோப்பாவைக் காக்க அமெரிக்கா வரும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட வாசகம், அமெரிக்காவுக்கே உதவி அனுப்பப் பயன்பட்டது வேடிக்கைதான். நேட்டோவின் ஏவாக்ஸ் ரேடார் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடந்து சென்று, 2002 மே வரை அமெரிக்க வான்வெளியில் ரோந்து சுற்றின.

இவ்வளவு தளர்வான வாக்குறுதிக்கு எதிரி ஏன் அஞ்ச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் காகிதத்தை மட்டும் நம்பாமல், 2017 முதல் ரஷ்யாவை ஒட்டியுள்ள மூன்று உறுப்பு நாடுகளில், அதாவது எஸ்டோனியாவில் பிரிட்டன், லாட்வியாவில் கனடா, லிதுவேனியாவில் ஜெர்மனி ஆகியவற்றின் தலைமையில் பன்னாட்டுப் படைப்பிரிவுகளை நிறுத்தியிருக்கிறார்கள். பெரும் படையெடுப்பைத் தனியாகத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. ஆனால் எல்லையைத் தாண்டி வருபவர் முதல் நாளிலேயே பிரிட்டிஷ், கனடிய, ஜெர்மானிய வீரர்களையும் சுட வேண்டியிருக்கும். தன் வீரர்களின் சவப்பெட்டிகள் வந்து இறங்கிய பிறகு எந்த அரசும் 'அவசியம்' என்ற சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒப்பந்த வாசகத்தைவிட இந்த ஏற்பாட்டுக்கே வலிமை அதிகம் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் 1982இல் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது 5ஆவது பிரிவு ஏன் பேசப்படவில்லை?

பதில்: அடுத்த பிரிவைப் படித்தால் விடை கிடைக்கும். ஐரோப்பா, வட அமெரிக்கா, துருக்கி, கடக ரேகைக்கு வடக்கே உள்ள அட்லாண்டிக் தீவுகள் என்று 6ஆவது பிரிவு எல்லை வகுத்திருக்கிறது. ஃபாக்லாந்து இருப்பது தெற்கு அட்லாண்டிக்கில். அமெரிக்காவின் மாநிலமேயானாலும், பசிபிக்கில் இருக்கும் ஹவாயும் இந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறது.