54,000 ரூபாய் டூல் செட்டா, ஒரே ஒரு டிரில்லா?

கேள்வி: சார், வணக்கம். திருச்சியில் இருக்கிறேன், வயது 41. தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கடன் தவணை 19,000, மற்ற செலவு எல்லாம் போக மாதம் 8,000 மிஞ்சும். வங்கியில் 1,35,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு அறைகளுக்கு ப்ளைவுட் அலமாரியும் பரணுக்குக் கதவுகளும் செய்ய வேண்டும். ஆசாரி 1,65,000 கேட்கிறார். அதில் பொருள் 1,10,000, கூலி 55,000. எனக்கு ஓரளவு மரவேலை தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்யலாம் என்று ஆசை. எட்டு வருடம் முன் வாங்கிய 12 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு நிக்கல்-காட்மியம் பேட்டரிகளில் ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று கால் மணி நேரம் தாங்கும். இப்போது 18 வோல்ட் செட் ஒன்று 54,000 ரூபாய்க்கு, 12 மாத வட்டியில்லாத் தவணையில் கிடைக்கிறது. டிரில், இம்பேக்ட் டிரைவர், வட்ட ரம்பம், ஜிக்ஸா (மேலும் கீழும் ஆடி வெட்டும் சிறு ரம்பம்), கிரைண்டர், 4 ஆம்பியர்-அவர் கொள்ளளவில் இரண்டு பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து. ஆசாரி கூலியில் கருவிகளே வந்துவிடுகின்றன, வாங்கலாம்தானே? துபாயில் இருக்கும் மச்சினன், அங்கிருந்து வாங்கி வரட்டுமா என்கிறான். கரண்ட் போனாலும் வேலை நிற்காது என்பது இன்னொரு வசதி. ஜூனில் பள்ளிக் கட்டணம் 42,000 இருக்கிறது. மனைவி, 'எதற்கு இவ்வளவு' என்கிறார்.

பதில்: வணக்கம். கருவிகளைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, பள்ளிக் கட்டணத்தைக் கடைசியில் ஒரு வரியில் சொருகியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன்.

கையில் 1,35,000. பொருளுக்கு 1,10,000, பள்ளிக்கு 42,000 எடுத்தால், டூல் செட்டைத் தொடுவதற்கு முன்பே 17,000 ரூபாய் துண்டு விழுகிறது. நீங்கள் எழுதியிருப்பது பிப்ரவரியில். ஜூனுக்குள் நான்கு மாதச் சேமிப்பு 32,000 வரும், அது துண்டை அடைத்துவிடும். ஆனால் செட்டைத் தவணையில் எடுத்தால் மாதம் 4,500 அதற்கே போய்விடும். மிஞ்சுவது 3,500, நான்கு மாதத்துக்கு 14,000. ஆக ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது 3,000 ரூபாய் குறையும், வங்கிக் கணக்கும் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கிரெடிட் கார்டுதான். உங்கள் மனைவி கேட்ட கேள்வியின் கணக்கு இதுதான், அவர் அதை இரண்டு வார்த்தையில் கேட்டுவிட்டார்.

அடுத்து, 'கூலியில் கருவி வந்துவிடுகிறது' என்ற வாதம். கூலி 55,000, செட் 54,000, அதனால் செட் சும்மா கிடைத்த மாதிரி என்று மனது சொல்லும். எனக்கும் சொல்லியிருக்கிறது. ஆனால் வேலை முடிந்து, கதவுகள் நேராக மூடினால்தான் கூலி மிச்சம். நான்கு ஞாயிறுகளுக்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து, அலுவலக வேலை என்று பாதியில் நின்றால், பாதி வேலையை எடுத்துச் செய்ய எந்த ஆசாரியும் சந்தோஷமாக வரமாட்டார். 'யார் சார் இப்படி வெட்டியது?' என்ற கேள்விக்கும் சேர்த்துக் கூலி கேட்பார். 8-க்கு 4 அடி ப்ளைவுட் 32 சதுர அடி. சதுர அடி 110 ரூபாய் என்று வைத்தால், ஒரு பலகையைத் தப்பாக வெட்டினால் 3,520 ரூபாய் போச்சு. இந்தச் செலவு டூல் செட் விளம்பரத்தில் இருக்காது.

சரி, அந்த ஐந்து கருவிகளில் உங்களுக்கு எது எத்தனை நாள் வேலை செய்யும்? கிரைண்டர் இரும்பு வெட்டவும் தேய்க்கவும். ப்ளைவுட் அலமாரியில் அதற்கு வேலையே இல்லை. இம்பேக்ட் டிரைவர் நீளமான ஸ்க்ரூவைத் தடித்த மரத்தில் இறக்கக் கெட்டிக்காரக் கருவி. ஆனால் அதில் டிரில்லில் இருப்பதுபோல், ஸ்க்ரூ போதுமான அளவு இறுகியதும் முடுக்குவதை நிறுத்தும் கிளட்ச் கிடையாது. கீலுக்கு அடிக்கும் சின்ன ஸ்க்ரூவில் கொஞ்சம் அசந்தால் தலை உள்ளே போய்விடும், பலகையின் பிடிப்பும் போய்விடும். வட்ட ரம்பம் முதல் இரண்டு ஞாயிறு ஓடும், பிறகு பெட்டிக்குள் போகும். அந்த இரண்டு ஞாயிறும்கூடத் தேவையில்லை. பெரிய ப்ளைவுட் கடைகளிலும் மாடுலர் கிச்சன் பட்டறைகளிலும் பேனல் ரம்பம் வைத்திருக்கிறார்கள். அளவை எழுதிக் கொடுத்தால் பலகையை வெட்டி, ஓரத்துக்கு எட்ஜ் பேண்டிங்கும் ஒட்டித் தருவார்கள். கையால் வெட்டுவதைவிட நேராகவும் சுத்தமாகவும் இருக்கும், தப்பான வெட்டுக்கு அவர்கள் பொறுப்பு. அளவைத் தப்பாக எழுதினால் நீங்கள் பொறுப்பு, அதில் மட்டும் சமரசம் இல்லை.

மிஞ்சுவது டிரில்லும் ஜிக்ஸாவும். ஜிக்ஸா ஒயர் போட்டதே போதும், 3,500 ரூபாய் வாக்கில் நல்லதாகக் கிடைக்கும். தரையில் வைத்து வெட்டப்போகும் கருவிக்கு பேட்டரி எதற்கு?

டிரில்லுக்கு வருவோம். இதில் மட்டும் கார்ட்லெஸ் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. ஏணியில் நின்று, தலைக்கு மேல் கையை நீட்டிப் பரண் கதவின் கீலை முடுக்கும்போது காலில் ஒயர் சுற்றிக்கொண்டால், மிச்சம் பிடித்த கூலி ஆஸ்பத்திரிக்குப் போகும். ஆனால் 18 வோல்ட் தேவையா என்றால், இல்லை. உங்கள் பழைய 12 வோல்ட் டிரில் திணறுவதைப் பார்த்து '12 வோல்ட் பத்தாது' என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். திணறுவது பேட்டரியின் வயதால். இன்றைய 12 வோல்ட் லித்தியம் டிரில் ப்ளைவுட்டுக்கும் கீலுக்கும் தாராளமாகப் போதும். எடையும் குறைவு, தலைக்கு மேல் பிடிக்கும் வேலையில் அதுதான் முக்கியம். இரண்டு பேட்டரியோடு 9,000 ரூபாய் ஒதுக்குங்கள். 12-லிருந்து 12-க்கு மாறுவதை 'அப்கிரேட்' என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள முடியாது, அது ஒன்றுதான் குறை.

வோல்ட் எண்ணைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரு சின்ன விளக்கம். ஒரு லித்தியம் செல் சராசரியாக 3.6 வோல்ட். மூன்று செல் என்றால் 10.8, முழு சார்ஜில் 12-ஐத் தாண்டும். ஐந்து செல் என்றால் 18, முழு சார்ஜில் 20-ஐத் தாண்டும். அதனால் ஒரு பெட்டியில் 18 வோல்ட் என்றும் இன்னொன்றில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் போட்டிருந்தால் இரண்டும் ஒரே வகைதான். அந்த இரண்டு வோல்ட்டுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

கான்கிரீட் சுவரில் கனமானதைப் பிடித்து நிறுத்தும் ஆங்கர் போல்ட் போட இந்த டிரில் ஆகாது, 18 வோல்ட் டிரில்லும் அவ்வளவு சுகப்படாது. அதற்கு ரோட்டரி ஹேமர் வேண்டும். உள்ளே பிஸ்டன் காற்றழுத்தத்தால் அடிக்கும், வேலை சட்டென்று முடியும். வாடகைக் கடையில் ஒரு நாளைக்கு எடுங்கள், 600 ரூபாய் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் போட வேண்டிய எல்லா ஓட்டைகளையும் முந்தின நாளே பென்சிலால் குறித்துவிட்டால் ஒரே நாள் வாடகையில் முடிந்துவிடும். திரைச்சீலைக் கம்பி, சாமி அலமாரி, எல்லாம் சேர்த்துத்தான்.

கார்ட்லெஸ் செட்டில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரிய பங்கு பேட்டரிக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். அது கெட்டுப்போகும் பண்டம். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகும். முழு சார்ஜில், வெயில் சூட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம். நானே ஒருமுறை தள்ளுபடியில் மயங்கி ஒரு செட் வாங்கினேன். இரண்டு வருடம் மொட்டை மாடி அறையில் கிடந்தது. திறந்தபோது ஒரு பேட்டரி சார்ஜே ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில், கருவிக்குத்தான் வாரண்டி, பேட்டரிக்கு ஆறு மாதம் என்றார்கள். பில்லைத் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. வாங்கும்போதே பேட்டரி வாரண்டி எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். வாங்கியதை இணையத்தில் பதிவு செய்தால்தான் வாரண்டி நீளும் என்று சில நிறுவனங்களில் நிபந்தனை உண்டு. வேலை இல்லாத மாதங்களில் பாதி சார்ஜில், வீட்டிலேயே குளிர்ந்த அறையில் வையுங்கள்.

ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றுக்குப் பொதுவாகச் சேராது என்பது தெரிந்ததே. ஒரே நிறுவனத்துக்குள்ளும் சேராமல் போகலாம். போஷ்ஷின் பச்சை நிற வீட்டுக் கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி, நீல நிறத் தொழில்முறைக் கருவியில் பொருந்தாது. மக்கிட்டாவின் 18 வோல்ட் பேட்டரி அவர்களுடைய 40 வோல்ட் கருவிகளில் பொருந்தாது. ஐந்து கருவிகளை ஒரே நாளில் வாங்குவது என்றால், ஒரு பேட்டரி வரிசைக்குப் பத்து வருடம் வாழ்க்கைப்பட்டுவிடுவது. ஒரு டிரில்லோடு நிறுத்தினால், பிடிக்காவிட்டால் விலகலாம்.

'வட்டியில்லாத் தவணை' என்றீர்கள். 2013-லேயே ரிசர்வ் வங்கி, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது என்னவென்றால், வட்டியளவுக்கு விலையில் தள்ளுபடி தந்து, பிறகு வட்டியைத் தவணையில் வாங்குகிறார்கள். மாதம் 4,500 வீதம் 12 மாதம், வட்டி 15 சதவீதம் என்று கணக்குப் போட்டால், கடன் சுமார் 49,857, வட்டி 4,143. கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 746 ரூபாய் உங்கள் தலையில் விழும், பிராசஸிங் கட்டணம் தனி. இதைவிட முக்கியம், அந்த 4,143-ஐ யாரோ விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. எதை வாங்கினாலும் 'முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

மச்சினன் விஷயம். வேண்டாம் என்பேன், அவர் கோபித்துக்கொள்ளாதபடி சொல்லிவிடுங்கள். துபாயிலும் 230 வோல்ட்தான், சார்ஜர் ஓடும், பின் மட்டும் மாறும். அமெரிக்காவிலிருந்து என்றால், அங்கே வோல்ட் குறைவு என்பதால் சார்ஜரே புகைந்துவிடலாம். ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடைப்பது சந்தேகம், விமானத்தில் வேறு தொல்லை. தனி பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். கருவியோ கைப்பையில் வரக் கூடாது. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வரும் வாட்-அவர் 100-ஐத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 18 வோல்ட் 4 ஆம்பியர்-அவர் 72தான், பிரச்சினை இல்லை. 6 ஆம்பியர்-அவர் என்றால் 108. மிச்சமாகும் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு அவரை விமான நிலையத்தில் நிற்க வைக்க வேண்டுமா?

கரண்ட் போனாலும் வேலை நடக்கும் என்பதற்கு: சார்ஜருக்கும் கரண்ட் வேண்டுமே.

இனி என் கணக்கு. டிரில் 9,000, ஜிக்ஸா 3,500, ரோட்டரி ஹேமர் வாடகை 600, கிளாம்ப், பிட், பாதுகாப்புக் கண்ணாடி, தூசி முகமூடி இவற்றுக்கு 4,000, பலகை வெட்டும் கூலிக்கு 6,000. மொத்தம் 23,100. இவை தோராயம், திருச்சியில் இரண்டு கடை ஏறி இறங்கித் திருத்திக்கொள்ளுங்கள். கிளாம்பில் மட்டும் கை இழுக்க வேண்டாம், தனியாக வேலை செய்பவனுக்கு அதுதான் இரண்டாவது ஆள்.

வேலையையும் இரண்டாகப் பிரியுங்கள். முதலில் பரண் கதவுகளும் ஒரு அலமாரியும், பொருளுக்கு 45,000. கருவிகளோடு சேர்த்து 68,100. மீதி 66,900-இல் பள்ளிக்கு 42,000 போனால் 24,900, அதோடு நான்கு மாதச் சேமிப்பு 32,000 சேர்ந்தால் ஜூன் முடிவில் கையில் 56,900. உங்கள் வீட்டுக்கடனின் மூன்று மாதத் தவணைக்கு நூறு ரூபாய்தான் குறைவு. இரண்டாவது அலமாரியைத் தீபாவளிக்குப் பிறகு தொடங்கலாம். அதற்குள் முதல் அலமாரியின் கதவு உங்களுக்கு ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கும். ஒழுங்காக மூடினால், 18 வோல்ட் ஆசை அப்போதும் இருந்தால், தேவைப்படும் கருவியை ஒவ்வொன்றாக வாங்குங்கள். மூடாவிட்டால் இரண்டாவதை ஆசாரியிடம் கொடுத்துவிடலாம், வெட்கம் ஒன்றுமில்லை.

பழைய டிரில்லைத் தூக்கிப் போடாதீர்கள். கால் மணி நேரம் தாங்கும் அந்த பேட்டரியோடு, ஸ்க்ரூவுக்கு முன்துளை போட அதை வைத்துக்கொண்டு, புதியதில் ஸ்க்ரூ முடுக்கினால், ஒவ்வொரு முறையும் பிட் மாற்றும் வேலை மிச்சம். அதற்கு லித்தியம் செல் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நிக்கல்-காட்மியம் சார்ஜரில் லித்தியம் செல்லை ஏற்றினால் தீப்பிடிக்கலாம். செத்துப்போன பேட்டரியில் காட்மியம் இருக்கிறது, நஞ்சு. குப்பைத் தொட்டியில் போடாமல், புது டிரில் வாங்கும் கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது.